அமிர்தலிங்கத்தின் பூட்ஸ்

முனிசிபாலிட்டி என்று சொன்னால் மன்னார்குடிப் பக்கத்து ஆட்களுக்கு என்ன தோன்றும்? பஸ் ஸ்டாண்டு தோன்றும், அதற்குள் படுத்திருக்கும் மாடு தோன்றும், சாக்கடைக்காகச் சண்டை போடும் கவுன்சிலர் தோன்றுவார். கிரோதாலும் முனிசிபாலிட்டிதான். நார்வே தேசத்தில், இரண்டு மலைகளின் இடுக்கில் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு. அதற்கும் சேர்மன் உண்டு, கவுன்சில் உண்டு, ரப்பர் முத்திரை உண்டு. இல்லாதது ஜனம் மட்டும்தான். ஓர் ஆள் விடாமல் ஊரையே திரட்டிக்கொண்டு வந்தாலும் மன்னார்குடித் தேருக்கு ஒரு வடம் பிடிக்கத் தேறாது.

கல்யாணமாகி அங்கே போய் இறங்கிய ராஜாத்தி, ஒரு வாரம் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புருஷனிடம் கேட்டாள்.

"என்னங்க, எல்லாரும் எங்க போயிருக்காங்க?"

அமிர்தலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கயும் போவல. இவ்வளவு பேருதான்."

அவன் நாகப்பட்டினத்தில் ஐ.டி.ஐ. படித்தவன். நார்வேக்காரன் கப்பலில் இஞ்சின் அறையில் சில வருஷம் வெந்துவிட்டு, அந்தப் பழக்கத்தில் கரையேறி, கிரோதாலில் மலையைக் குடைந்து கட்டியிருந்த மின்சார நிலையத்தில் ஃபிட்டராகச் சேர்ந்திருந்தான். நல்லவன்தான். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. நிலம் என்று யாராவது சொன்னால் மட்டும் அவன் முகம் மாறிவிடும். குத்தகைக்காரன் பிள்ளை. அடுத்தவன் வயலின் வரப்பில் நின்று பார்த்தே வளர்ந்தவனுக்கு, தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கண்டால் தூக்கம் வராது.

கிரோதாலில் அப்படி நிறையக் கிடந்தது. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போக, கிழவன் கிழவி மண்ணுக்குப் போக, வீடும் புல்வெளியும் தொழுவமும் அப்படியே நின்றன. "நம்ம ஊர்ல ஆள் இருக்கு, நெலம் இல்ல. இங்க நெலம் இருக்கு, ஆள் இல்ல. பாத்தியா அநியாயத்தை?" என்று அமிர்தலிங்கம் ராஜாத்தியிடம் ஓயாமல் புலம்பினான். ஒருநாள் புலம்பலை நிறுத்திவிட்டு, மலைச்சரிவில் ஒரு பண்ணை வீட்டை ஆட்டுமந்தையோடு சேர்த்து வாங்கிவிட்டான்.

அந்த ஊர்ச் சட்டம் ஒன்று உண்டு. விவசாய வீட்டை வாங்குகிறவன் ஐந்து வருஷம் அதிலேயே குடியிருக்க வேண்டும். நிலத்தைப் போட்டு வைக்கக் கூடாது. குடியிருக்கவில்லை என்று தெரிந்தால் முனிசிபாலிட்டி அவனை விற்கச் சொல்லிவிடும். ஜனம் கரைந்துகொண்டிருக்கும் ஊர், வேறு என்ன செய்யும்? அமிர்தலிங்கம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான். குடியிருக்கத்தானே வாங்குகிறோம்.

மூன்றாவது வருஷம் ஊரிலிருந்து தகவல் வந்தது. அவனுடைய அப்பா இறந்துபோனார். காரியத்துக்குப் போனவன் திரும்பி வந்தபோது முகத்தில் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அப்பா பெயரில் கோயில் நிலக் குத்தகை இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சித்தப்பா மனுக் கொடுத்திருக்கிறார். "அவன் வெளிநாட்டுல கெடக்கான், நான்தான் உழுவுறேன்" என்று சொல்லியிருக்கிறார். குத்தகை உரிமை வேண்டுமானால் வயலில் இறங்கி உழுகிறவனாக இருக்க வேண்டும். அது நம் ஊர்ச் சட்டம்.

ஆகவே, மலையிலிருந்து ஆடுகளை இறக்கிப் பட்டியில் அடைத்த கையோடு, பண்ணை வேலை இருக்கிறது என்று சொல்லி மின்சார நிலையத்தில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு அமிர்தலிங்கம் கிளம்பினான்.

"நானும் வர்றேங்க," என்றாள் ராஜாத்தி.

"ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீடு இருண்டுபோயிடும். ஆட்டுக்கு யாரு புல்லு போடுறது? சம்பா அறுப்பு முடிஞ்சதும் வந்துடுறேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம். புகைக்கூண்டுல புகை நிக்காம பாத்துக்க. மாடி ஜன்னல்ல வெளக்க அணைக்காத. அப்புறம்..." வாசலில் கிடந்த தன் பெரிய பூட்ஸைக் காட்டினான். "தொழுவத்துக்குப் போவும்போது இதைப் போட்டுக்கிட்டுப் போ. பனியில என் கால்தடம் விழணும். பால் வண்டிக்காரன் பாப்பான், தபால்காரன் பாப்பான். யாரும் கேக்க மாட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. எதையோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்ட பெருமை. ராஜாத்திக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று அன்றைக்குப் பிடிபடவில்லை.

அக்டோபரில் சூரியன் போய்விட்டது. மறைந்து மறுநாள் வருகிற போக்கு இல்லை இது. தெற்கு மலைக்குப் பின்னால் போனால் பிப்ரவரியில்தான் தலைகாட்டும். நடுப்பகலில் மலை உச்சி மட்டும் கொஞ்சம் மஞ்சளாகும், அடிவாரத்தில் வீடுகளெல்லாம் நிழலுக்குள் உட்கார்ந்திருக்கும். நடவு நாளில் முதுகு பொசுங்கப் பொசுங்க நின்ற வம்சத்தில் பிறந்தவள், வெயிலைத் திட்டாத நாளே இல்லாதவள், இப்போது அந்த உச்சி மஞ்சளை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலையும் மாலையும் அவன் பூட்ஸில் காலை விட்டுக்கொண்டு தொழுவத்துக்கு நடந்தாள். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டாலும் உள்ளே பாதம் ஆடியது. முழங்கால் வரைக்கும் பனி. ஒவ்வோர் அடியாகப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஓர் ஆண்பிள்ளை ராஜநடை போட்டுப் போன மாதிரி தடம் நீளமாகக் கிடக்கும். அவள் போனதற்கு எந்த அடையாளமும் இருக்காது.

ஊர்க்காரர்கள் கெட்டவர்களாக இருந்தாலாவது நன்றாக ஒருமுறை அழுது தீர்த்திருப்பாள். அவர்கள் பாவம், அன்பாகவே கொன்றார்கள். பக்கத்துப் பண்ணைக் கிழவி வந்து வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போவாள். கடைக்காரன் இவளுக்காகவே அரிசி வரவழைத்து வைத்தான். முனிசிபாலிட்டிப் பெண்கள் சேர்ந்து, குழந்தைக்கென்று சின்னச் சின்னக் கம்பளிக் காலுறைகள் பின்னிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். "குழந்தையா? எந்தக் குழந்தை?" என்று இவள் திகைத்தாள். "பிறக்கும், அவசரமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சு காலியாகத்தான் இருக்கிறது," என்றார்கள் சிரித்துக்கொண்டே. புருஷன் வயலில் நிற்க, இவள் மலையடியில் நிற்க, பிள்ளை மட்டும் எங்கிருந்து வரும் என்று அவர்களிடம் கேட்க முடியாது. அவன் இல்லை என்பதே யாருக்கும் தெரியக் கூடாதே. அந்தக் காலுறைகளைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள்.

அமிர்தலிங்கம் வாரம் ஒருமுறை மன்னார்குடி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவான். கூப்பிட்டவுடன் சந்தோஷமாகத்தான் இருக்கும். அப்புறம் அவன் பயிரைப் பற்றி ஆரம்பிப்பான். "தண்ணி கடைமடை வரைக்கும் வந்துடுச்சு. தூர் கட்டியிருக்கு பாரு, அப்படிக் கட்டியிருக்கு. நேத்து ஆர்.ஐ. வந்தாரு. நான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சேத்துல நின்னேன். சித்தப்பா முகத்தைப் பாக்கணுமே!"

அவன் ஊரின் பச்சையில் அவன் நிற்க, அவன் ஊரும் இல்லாத, தன் ஊரும் இல்லாத இந்த வெள்ளையில் தான் நிற்பதை நினைக்க நினைக்க ராஜாத்திக்கு வயிறு எரிந்தது.

"நான் எப்பங்க வர்றது?"

"அஞ்சு வருஷம் முடியட்டும் புள்ள. ரெண்டு எடத்துலயும் நெலம் நிக்கும். நம்ம வம்சத்துல யாருக்காவது வாய்ச்சிருக்கா?"

போனை வைத்துவிட்டுச் சேற்றில் நின்ற அந்தக் காலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், இந்த வித்தையை முன்பு எங்கே பார்த்தோம் என்பது அவளுக்குப் பிடிபட்டது.

அவள் சின்னப் பெண்ணாக இருந்த சமயம். சுவருக்குச் சுவர் உதயசூரியன் வரைந்திருந்த காலம். புது ஆட்சி வந்து, நிலத்தை உண்மையில் உழுகிறவன் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டது. பண்ணை பஞ்சநதம் ஐயாவின் வயலை ராஜாத்தியின் அப்பா இராஜாங்கமும் அம்மா காத்தாயியும் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார்கள். அப்பா சங்கத்துக்காரர். கூலிப் போராட்டத்தில் பிடித்துக்கொண்டுபோய்த் திருச்சி ஜெயிலில் வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வயலில் பஞ்சநதம் ஐயா நின்றார். முழங்கால் வரை சேறு. கையில் கலப்பை. மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்ற மறந்துவிட்டார். கலப்பையை எப்படிப் பிடிப்பது என்று மாட்டுக்கு இருந்த தெளிவுகூட அவருக்கு இல்லை.

அதிகாரி வரப்பில் நின்றபடி காத்தாயியைக் கூப்பிட்டார். "இந்த நெலத்த யாரும்மா உழுவுறது?"

அம்மாவின் உதடு அசைந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற ராஜாத்திக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா."

"நான்தாங்க உழுவுறேன். அவ கூலிக்கு வர்றவ," என்றார் பஞ்சநதம் ஐயா, சேற்றிலிருந்தபடியே.

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டிவிட்டாள்.

அந்த ஒரு தலையாட்டலில் நிலம் போயிற்று. ஜெயிலிலிருந்து வந்த அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் அம்மாவுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அதற்கப்புறம் காத்தாயி வாழ்நாள் முழுக்கக் கூலிக்குத்தான் போனாள். அந்த வயலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவாள்.

ராஜாத்தி எழுந்து வாசலுக்குப் போய் பூட்ஸைப் பார்த்தாள். அன்றைக்குப் பஞ்சநதம் ஐயா சேற்றைப் பூசிக்கொண்டு நின்றார். அவரால் நிலத்தை இழந்த சாதிசனத்தில் பிறந்த பிள்ளை இன்றைக்கு அதே வித்தையை எடுத்துக்கொண்டு இரண்டு தேசத்தில் காட்டுகிறது. அங்கே பூசுவதற்குச் சேறு இருக்கிறது. இங்கே பூசுவதற்கு நான் இருக்கிறேன். அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் மறுநாள் காலையில் ஆடுகள் கத்தின, அவள் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்தாள். வாயில்லா ஜீவன்கள் என்ன பாவம் செய்தன?

பொங்கல் வந்தது. சூரியனே இல்லாத ஊரில் சூரியனுக்குப் பொங்கல். மின் அடுப்பில் பாத்திரத்தை வைத்து, கடைக்காரன் கொடுத்த அரிசியைப் போட்டு, தெற்கு ஜன்னலுக்கு நேராக நின்றாள். மலை தெரிந்தது. பால் பொங்கி வழிந்தபோது "பொங்கலோ பொங்கல்" என்று சொல்ல வாய் வந்தது. யாரிடம் சொல்வது? வழிந்த பாலைத் துணியால் துடைக்கும்போது தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது.

வந்தவள் இங்கெபோர்க். முனிசிபாலிட்டியின் விவசாய அதிகாரி. ஆள் குறைந்த ஊர் அல்லவா, தீயணைப்பு வண்டி ஓட்டுவதும் அவள்தான், சர்ச்சில் பாடுவதும் அவள்தான். ராஜாத்திக்கு அந்தப் பாஷையில் முதலில் நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர். ராஜாத்திக்கு அது இன்னும் கூச்சமாகவே இருந்தது.

இங்கெபோர்க் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பொங்கலைக் கொடுத்ததும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். இந்தப் பண்ணையின் பழைய சொந்தக்காரியுடைய தம்பி மகன் பட்டணத்திலிருந்து புகார் கொடுத்திருக்கிறான். வாங்கியவன் குடியிருக்கவில்லை, ஆகவே பண்ணையைத் தனக்கு விற்க வேண்டும் என்று. புகார் வந்தபின் வந்து விசாரிக்காமல் இருக்க முடியாது.

"அவனுக்கு இது கோடைக்காலத்துக்கு வந்து போகத்தான் வேண்டும்," என்றாள் இங்கெபோர்க். "வருஷத்தில் நாலு வாரம். மற்ற நாளெல்லாம் இந்த வீடு இருட்டாகக் கிடக்கும். எங்களுக்கு நீங்கள் இரண்டு பேரும்தான் வேண்டும், ராஜாத்தி. ஒரு வீடு அணைந்தால் கடை நிற்காது. கடை மூடினால் பஸ் வராது. பஸ் வராவிட்டால் டாக்டர் வர மாட்டார்."

ராஜாத்தி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் புருஷன் இங்கேதான் குடியிருக்கிறானா? இதுதான் கேள்வி," என்ற இங்கெபோர்க் குரலைத் தாழ்த்தினாள். "நான் வரும்போது பார்த்தேன். தொழுவம் வரைக்கும் அவன் கால்தடம் இருக்கிறது, புதுத்தடம். எனக்கு அது போதும். நீ பேசக்கூட வேண்டாம். தலையை ஆட்டு, நான் எழுதிக்கொள்கிறேன்."

தலையை ஆட்டு.

இங்கெபோர்க்குக்குத் தெரியும். அவன் இல்லை என்பது ஊரில் அத்தனை பேருக்கும் தெரியும். பால் வண்டிக்காரனுக்குத் தெரியும், கிழவிக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் காலுறை பின்னியிருக்கிறார்கள். அத்தனை பேரும் அவ்வளவு நல்லவர்களாகச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவள் ஒருத்தியின் தலை அசைவதற்காகக் காத்திருக்கிறார்கள். அசைத்தால் பண்ணை நிற்கும், கடை நிற்கும், அமிர்தலிங்கத்தின் வம்சத்தில் முதல்முதலாக ஒருவனுக்கு இரண்டு தேசத்தில் நிலம் நிற்கும். அவள் மட்டும் இந்த மலையடியில் அவன் பூட்ஸுக்குள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இன்னும் எத்தனை பனி!

அம்மாவுக்கும் அன்றைக்கு வரப்பில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அது என் கால்!"

வெளியே பட்டியில் ஆடுகள் ஒருமுறை கத்தி அடங்குகிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. அவளே பயந்துபோனாள்.

"என்ன?" என்றாள் இங்கெபோர்க்.

ராஜாத்தி எழுந்து போய் பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். மேஜை மேல் வைத்தாள். சொட்டிக்கொண்டிருந்தது. தெரிந்த கொஞ்ச பாஷையில், தப்பும் தவறுமாக, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள்.

"அது அவர் தடம் இல்லை. என் கால். தினமும் நான் போட்டுக்கொண்டு நடந்தேன். அவர் இங்கே குடியிருக்கவில்லை. ஆடு இறங்கின நாளிலிருந்து இல்லை. நானும் குடியிருக்கவில்லை, இங்கெபோர்க். என்னை இங்கே வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இங்கே யாரும் குடியில்லை. அப்படி எழுது."

இங்கெபோர்க் பூட்ஸைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபமாகக்கூட இருக்கலாம். அவளுடைய ஊரிலிருந்து ஒரு விளக்கு குறைந்துவிட்டதே. கடைசியில் எழுதினாள். தொப்பியை மாட்டிக்கொண்டு, ஆடுகளைப் பக்கத்துப் பண்ணையில் சேர்க்கத் தான் ஏற்பாடு செய்வதாகச் சொன்னாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, மிச்சமிருந்த பொங்கலை ஒரு டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ராஜாத்தி முதலில் அமிர்தலிங்கத்தைக் கூப்பிடவில்லை. அவன் அடுத்த வாரம் கூப்பிடுவான். கத்துவான். "எல்லாத்தையும் கெடுத்துட்டியே" என்பான். அழவும் அழுவான், அவனை அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொள்ளலாம். அவள் தன் ஊரில் ஜன்னத் பீவியின் கடை நம்பரைப் போட்டாள். அம்மாவுக்குப் போன் அங்கேதான் வரும்.

"யாரு, ராஜாத்தியா? இரு இரு, பொங்கலுக்குப் பாய் விரிச்சுப் படுத்திருக்கு உங்கம்மா. ஆள் அனுப்புறேன். வச்சுட்டு திரும்ப அடி தாயி," என்றாள் ஜன்னத் பீவி.

மறுபடி அடித்தபோது காத்தாயி மூச்சிரைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஓடி வந்திருக்கிறாள்.

"என்ன தங்கம்? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லம்மா. இங்க ஆபீசர் வந்தாங்க. அவரு இங்க குடியிருக்காரான்னு கேட்டாங்க."

அந்தப் பக்கம் கடைக்கு முன்னால் எங்கேயோ ஒரு சைக்கிள் மணி கேட்டது. மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்ட யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"நீ என்னம்மா சொன்ன?"

"இல்லன்னு சொல்லிட்டேன்."

மகள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்பாள், மாப்பிள்ளை என்ன சொல்வாரோ என்று கேட்பாள், இனிமேல் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பாள் என்றுதான் ராஜாத்தி காத்திருந்தாள்.

"சத்தமா சொன்னியா?" என்று கேட்டாள் காத்தாயி.

"சத்தமாத்தாம்மா சொன்னேன்."

"நல்லா கேக்கும்படியா?"

"ஆட்டுக்கே கேட்டுச்சும்மா."

போனில் ஒரு விசும்பல் வந்தது. அம்மா அழுது ராஜாத்தி கேட்டதே இல்லை. நிலம் போன அன்றைக்குக்கூட அவள் அழவில்லை. ஜன்னத் பீவி பின்னாலிருந்து, "ஏன் காத்தாயி, என்ன ஆச்சு?" என்று பதறுவது கேட்டது. காத்தாயி மூக்கைச் சிந்திக்கொண்டு மகளிடம் சொன்னாள்:

"சரி, கெளம்பி வா."